கடைசி வரிசைவரை: மேடையில் முதன்முறை நடிப்பவருக்கான வழிகாட்டி

மேடை நாடகத்தில் முதன்முறையாக நடிக்க வருகிறவர் பெரும்பாலும் திரைப்படங்களைப் பார்த்தே நடிப்பை அறிந்தவராக இருக்கிறார். திரைப்படத்தில் கேமரா நடிகரைத் தேடி அருகில் வருகிறது. இமை ஒரு முறை தாழ்ந்தாலும் அது திரை நிறையத் தெரிகிறது. முணுமுணுத்த சொல்லும் ஒலிப்பதிவில் தெளிவாகிவிடுகிறது. மேடையில் அப்படி எதுவும் நம்மைத் தேடி வராது. முதல் வரிசையில் இருப்பவருக்கும், 60 அடி தள்ளிக் கடைசி வரிசையில் தூணோரம் இடம் கிடைத்தவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே தடவையில் கதை போய்ச் சேர வேண்டும். அந்தக் கடைசி வரிசைக்காரரும் முன்வரிசைக்காரரைப் போலவே வேலையை ஒதுக்கிவிட்டு, பேருந்து ஏறி, ஆவலோடு வந்தவர். மேடை நடிப்பின் அடிப்படைப் பயிற்சிகள் அனைத்தையும் அவரை மனத்தில் வைத்துப் பார்த்தால், எது எதற்காகச் சொல்லப்படுகிறது என்பது எளிதில் விளங்கும்.

இந்த அக்கறை நம்மிடம் மிகப் பழையது. மாதவி ஆடவிருந்த மேடையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவுகளோடு சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் (கோல் என்பது பழைய நீட்டல் அளவு). அதோடு நில்லாமல், தூண்களின் நிழல் குறுக்கே விழாதபடி விளக்குகளை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆடுபவரின் பெருமையைப் பாடும் இடத்திலேயே, பார்ப்பவரின் கண்ணுக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்ற கவலையும் இடம்பெற்றிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கீழே சொல்லப்படுபவை, கையில் ஒரு பாத்திரத்துடன், ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து ஓர் அரங்கில் ஏறவிருக்கும் புதியவருக்கானவை. ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் அமரும் படச்சட்ட மேடையையே பெரும்பாலும் கருத்தில் கொண்டிருக்கிறேன். மூன்று பக்கமும் மக்கள் சூழ்ந்திருக்கும் தெருக்கூத்துக் களத்திலோ வீதி நாடகத்திலோ நடிப்பவர் திரும்புவதற்கும் நிற்பதற்கும் வேறு முறைகளைப் பழக வேண்டும். ஆனால் மூச்சும் கவனமும் அங்கும் இவையே.

பிரதி கைக்கு வந்ததும்

வசனத்தை உடனே மனப்பாடம் செய்யத் தொடங்குவதே பலரும் செய்யும் முதல் வேலை. அதைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். முதலில் நாடகம் முழுவதையும், நீங்கள் வராத காட்சிகளையும் சேர்த்து, ஒரே அமர்வில் படியுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது, மற்றப் பாத்திரங்கள் உங்கள் பாத்திரத்தைப் பற்றிச் சொல்வனவற்றைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் ஊர் அவரைப் பற்றிச் சொல்வதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் பாத்திரத்தின் குணம் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு காட்சியிலும் உங்கள் பாத்திரம் யாரிடமிருந்து எதை விரும்புகிறது என்று கேளுங்கள். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் நடிகர்களிடம் விடாமல் வற்புறுத்திய கேள்வி இது; இன்றுவரை இதைவிடப் பயனுள்ள கேள்வியை நான் கண்டதில்லை. ஒரு தாய், வெளியே கிளம்பும் மகனிடம் “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறாள். அவனைச் சிறிது நேரம் வீட்டில் நிறுத்திவைக்க அவள் விரும்பினால் அந்தச் சொல் ஒரு விதமாக வரும். முந்தைய இரவு நடந்த சண்டைக்குச் சமாதானம் தேட விரும்பினால் வேறு விதமாக வரும். அவன் சட்டைப்பையில் கண்ட கடிதத்தைப் பற்றிக் கேட்கத் துணிவின்றி அவள் பேச்சை மாற்றுகிறாள் என்றால், அதே சொல் மூன்றாவது விதமாக வரும். பிரதியின் ஓரத்தில் “சோகமாக”, “கோபமாக” என்று எழுதுவதால் பயனில்லை. “நிறுத்துகிறாள்”, “சமாதானம் தேடுகிறாள்”, “மறைக்கிறாள்” என்று வினைச்சொல்லாக எழுதுங்கள். சோகத்தை நேரடியாகச் செய்ய முயன்றால் முகம் கோணுவதுதான் மிஞ்சும். ஒன்றை மறைப்பது என்பதோ செய்யக்கூடிய செயல், அதைச் செய்யும்போது சோகம் தானாக வந்து சேரும்.

இங்கே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஒருமுறை படிக்கச் சொல்வேன். எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும் அது, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் தருகிறது. அழுகைக்கு அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டவரின் அழுகை, உயிரையோ பொருளையோ இழந்தவரின் அழுகை, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்தவரின் அழுகை, வறுமையால் வாடுபவரின் அழுகை ஆகிய நான்கும் ஒன்றல்ல. இகழப்பட்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்ப்பார். இழந்தவருக்குத் தம் முகம் யாருக்குத் தெரிகிறது என்ற நினைவே இராது. “இந்தக் காட்சியில் அழ வேண்டும்” என்று இயக்குநர் சொன்னால், “இது எந்த அழுகை?” என்று நடிகர் தம்மையே கேட்டுக்கொண்டால், உடல் எங்கே போக வேண்டும் என்பதற்கு விடை கிடைத்துவிடுகிறது.

இவ்வளவும் ஆன பிறகே மனப்பாடம். உட்கார்ந்தபடி உருப்போட்ட வசனம் எழுந்து நடந்ததும் மறந்துபோகும் என்பதால், ஒத்திகையில் முடிவான அசைவுகளோடு சேர்த்தே அதை மனத்தில் ஏற்றுங்கள். உங்கள் வசனத்தை மட்டுமின்றி, அதற்கு முன் எதிரில் நிற்பவர் பேசும் வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள். மேடையில் உங்கள் சொல்லை எடுத்துக் கொடுப்பது அவருடைய வாக்கியமே. கையால் ஒருமுறை எழுதிப் பார்ப்பது பலருக்கு உதவுகிறது. பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ எந்த உணர்ச்சியும் சேர்க்காமல் வேகமாகச் சொல்லிப் பார்த்து, எங்கும் தடுக்கவில்லை என்றால் மட்டும் மனப்பாடம் முடிந்தது என்று கொள்ளலாம். உணர்ச்சியோடு உருப்போட்டால் முதல் நாள் வந்த இராகமே கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை உரித்தெடுப்பது கடினம்.

மூச்சும் குரலும்

குரல் எட்ட வேண்டும் என்றால் கத்த வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கத்தும்போது தொண்டை இறுகுகிறது, ஒலி மெலிந்து கூர்மையாகிறது, பத்து நிமிடத்தில் கரகரப்பு வந்துவிடுகிறது. தொண்டை வலித்தால் முறை தவறு என்று பொருள். அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தொலைவுக்குச் செல்லும் குரல் மூச்சின் பலத்தாலும், நெஞ்சிலும் முகத்திலும் எழும் அதிர்வாலும் செல்கிறது.

தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது தோள் அசையாமல் புத்தகம் உயர வேண்டும். விடும்போது மெல்லத் தாழ வேண்டும். நான்கு எண்ணும் நேரம் இழுத்து, “ஸ்” என்ற ஒலியோடு எட்டு எண்ணும் நேரம் விடுங்கள். ஒலி தொடக்கத்தில் பலமாகவும் முடிவில் தேய்ந்தும் போகாமல், நூல் பிடித்ததுபோல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். இரண்டு வாரத்தில் எட்டை இருபதாக்கலாம். பிறகு எழுந்து நின்று அதையே செய்யுங்கள். அதன் பின் வாயை மூடி “ம்” என்று முனகி, உதடும் மூக்கின் பாலமும் அதிர்வதை விரலால் தொட்டு உணருங்கள். அந்த அதிர்வை விடாமல் வாயைத் திறந்து “மா, மே, மோ” என்று நீட்டுங்கள். நாளுக்கு 15 நிமிடம் போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் செய்துவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுவது குரலுக்கு எந்த நன்மையும் செய்யாது.

இனிச் சொல்லப்போவது தமிழில் நடிப்பவர் தனிக் கவனம் செலுத்த வேண்டிய செய்தி. நடிப்புப் பயிற்சி பற்றிய பேச்சுகளில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்தாரா இல்லையா, செய்வாரா மாட்டாரா, செய்தது அவனா அவளா என்பனவெல்லாம் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளில்தான் இருக்கின்றன. ஆனால் மூச்சு தீர்வதும் அதே இடத்தில்தான். “அந்த நிலத்தை நான் அவனுக்கு விற்கவில்லை” என்பதில் “விற்க” வரை பலமாகச் சொல்லிவிட்டு “வில்லை”யை விழுங்கிவிட்டால், நிலம் கைமாறியதா இல்லையா என்பதே கடைசி வரிசைக்குத் தெரியாமல் போகும். அதற்குப் பின் வரும் அரை மணி நேரக் கதையும் அவருக்குக் குழப்பமாகவே இருக்கும். ஆகவே வாக்கியத்தை நடுவில் உச்சத்துக்குக் கொண்டுபோய்க் கடைசியில் கீழே போடும் பழக்கத்தை விட்டு, இறுதிச் சொல் வரை மூச்சை மிச்சம் வைத்துப் பேசப் பழகுங்கள். இறுதிச் சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதில்லை. முழுதாகச் சொல்ல வேண்டும்.

பேச்சுத்தமிழ் வசனத்தில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. “நேத்து வந்தேன்” என்பதன் இறுதி “ன்” நம் பேச்சில் முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. “நீ நேத்து வந்தாய்” என்பதோ “நீ நேத்து வந்தே” ஆகிறது. வீட்டுக் கூடத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகக் கேட்கும். பெரிய அரங்கில் அந்த மெல்லிய மூக்கொலிதான் முதலில் காணாமல் போகிறது. வந்தது நானா நீயா என்று பார்வையாளர் தடுமாறாதிருக்க, அந்த மூக்கொலியை அரைக்கணம் கூடுதலாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்காகப் பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றிவிடவும் கூடாது. ல, ள, ழ வேறுபாடும், “பட்டம், பாட்டம்” போன்ற குறில் நெடில் வேறுபாடும் தெளிவாக வர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பாத்திரம் நெல்லைக்காரராகவோ கொங்கு நாட்டவராகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருந்தால், அந்த வழக்கைப் பிறப்பிலேயே பேசுகிற ஒருவரிடம் அமர்ந்து கேட்டுப் பழகுங்கள். நாலைந்து சொற்களை மட்டும் மாற்றிப் போட்டு ஒரு வட்டாரத்தைக் காட்டிவிட முயல்வது அந்த ஊராரை அவமதிப்பதாகும்.

எங்கள் குழுவில் ஒத்திகை நடத்தியவர் ஒரு முறையைக் கையாண்டார். அவர் அரங்கின் கடைசி நாற்காலியில் போய் அமர்ந்துகொள்வார். ஒரு சொல் கேட்காவிட்டால் வாய் திறக்காமல் கையை மட்டும் உயர்த்துவார். கையைப் பார்த்த நடிகர் அந்த வாக்கியத்தை மீண்டும் சொல்ல வேண்டும். இதைப் போலச் செலவில்லாத, தவறாத பயிற்சி வேறில்லை. உங்கள் குழுவிலும் ஒருவரை அங்கே உட்காரவையுங்கள். வசனம் தெரியாத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் வசனம் தெரிந்தவரின் காது கேட்காத சொல்லையும் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஒத்திகையின்போது வெறிச்சோடிக் கிடக்கும் அரங்கில் குரல் எதிரொலித்து முழங்கும். நாடக நாளில் அதே அரங்கு நிரம்பியதும், மனித உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் குரல் மங்கியதுபோல் தோன்றும். இதை முன்பே அறிந்திருந்தால் பதற்றப்பட்டுக் கத்த மாட்டீர்கள். மைக் இருந்தாலும் பயிற்சியைக் குறைக்க வேண்டாம். மேலே தொங்கும் மைக்கைத் தேடி எல்லாரும் ஓரிடத்தில் குவிந்து நிற்பதையும், மேடை விளிம்பில் வைத்த மைக்கில் காலடி ஓசை வசனத்தை மூழ்கடிப்பதையும் பல மேடைகளில் காண்கிறோம். மைக் குரலைப் பெரிதாக்கும். தெளிவில்லாத சொல்லைத் தெளிவாக்காது.

உடலும் இடமும்

முதலில் சும்மா நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இது கேட்பதற்கு எளிது. செய்வதற்கு மிகவும் கடினம். இரண்டு பாதங்களிலும் எடை சமமாக, முழங்கால் விறைக்காமல், கைகள் பக்கவாட்டில் தொங்க, இரண்டு நிமிடம் பிறர் பார்க்க நில்லுங்கள். எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருப்பதும், விரல்கள் வேட்டி நுனியையோ துப்பட்டாவையோ தேடுவதும் அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும். மேடையில் தேவையில்லாத ஒவ்வோர் அசைவும், தேவையான அசைவிலிருந்து பார்வையாளரின் கண்ணை இழுத்துவிடுகிறது. எழுந்தால் ஏதோ ஒன்றுக்காக எழ வேண்டும். நடந்தால் எங்கோ போவதற்காக நடக்க வேண்டும்.

மேடையின் வலமும் இடமும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலமும் இடமும் ஆகும். இதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொண்டால் ஒத்திகையில் பாதிக் குழப்பம் தீரும். இருவர் உரையாடும்போது நேருக்கு நேர் பக்கவாட்டில் நின்றால் அரங்குக்கு அரை முகமே தெரியும்; ஆகவே இருவரும் உடலைச் சற்றே அரங்கை நோக்கித் திறந்து நிற்பது வழக்கம். மண்டியிடும்போது பார்வையாளருக்கு அருகிலுள்ள முழங்காலைத் தரையில் ஊன்றினால் உடல் அவர்களை நோக்கித் திறந்திருக்கும். சுட்டிக்காட்டவும் பொருளை நீட்டவும் பார்வையாளரிடமிருந்து தள்ளி உள்ள கையைப் பயன்படுத்தினால் முகம் மறையாது. முதுகு காட்டவே கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. தோள்கள் மெல்லத் தளர்வதை முதுகு காட்டி நிற்கும் ஒருவரிடம் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்வையாளரே கற்பனை செய்துகொள்கிறார். காரணத்தோடு திரும்பிய முதுகு பேசும். அறியாமல் திரும்பிய முதுகு மறைக்கும்.

ஒருவர் உங்களை மறைக்கிறாரா என்று அறிய எளிய வழி உண்டு. அரங்கின் இரு கோடிகளிலும் உள்ள கடைசி நாற்காலிகளைப் பாருங்கள். உங்களுக்கு அவை தெரியாவிட்டால் அங்கே அமர்பவருக்கு நீங்களும் தெரிய மாட்டீர்கள். விளக்குக்கும் இதைப்போல ஒரு வழி இருந்தது: பழைய விளக்குகளின் வெப்பம் முகத்தில் படுவதை உணர்ந்தே அனுபவசாலிகள் வெளிச்சத்தின் மையத்தைக் கண்டுகொள்வார்கள். இப்போதைய எல்இடி விளக்குகளில் அந்த வெப்பம் மிகக் குறைவு என்பதால், தரையில் சிறு நாடா ஒட்டிக் குறித்துக்கொள்வதே பாதுகாப்பு. குறியைக் குனிந்து பார்க்காமல் வந்து நிற்க, எத்தனை அடி எடுத்து வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பழகுங்கள்.

பார்வை தரையில் விழுந்தால் முகம் முழுவதும் நிழலில் விழும். பாத்திரம் யோசிக்கும்போதும் நினைவில் மூழ்கும்போதும் கண்ணை அரங்கின் கடைசி வரிசைத் தலைகளுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். முன்வரிசையில் இருக்கும் அறிந்தவர் முகத்தைத் தேடவே தேடாதீர்கள்.

வயது, தொழில், நோய் போன்றவற்றை உடலில் கொண்டுவர, நடுங்கும் கை, வளைந்த முதுகு என்று வெளியிலிருந்து ஒட்டவைப்பதைவிட, அந்த உடலுக்கு எது கடினமாக இருக்கிறது என்று கண்டறிவது பயன் தரும். முதியவர் குனிய விரும்பிக் குனிவதில்லை. நிமிரவே பார்க்கிறார், முழங்கால் இடந்தரவில்லை. தி. க. சண்முகம் ஆணாக இருந்தும் மூதாட்டி ஔவையாராக நடித்து, அந்த வேடத்தின் பெயராலேயே அவ்வை சண்முகம் என்று அழைக்கப்பட்டார். ஆறு வயதில் நாடகக் குழுவில் சேர்ந்து வளர்ந்தவருக்கு அது கைகூடியது என்றால், ஆறு வாரம் பயிலும் நமக்குக் கூடுதல் உழைப்பு தேவை. நாள்தோறும் கோயில் வாசலிலோ பேருந்து நிலையத்திலோ ஒரு மணி நேரம் அமர்ந்து, முதியவர்கள் எழுவதையும் படியேறுவதையும் பாருங்கள்.

உடையையும் பொருள்களையும் கடைசி நாளுக்கு விட்டுவைக்க வேண்டாம். வேட்டி கட்டிப் பழகாதவர் இரண்டு வாரம் முன்பிருந்தே ஒத்திகைக்கு வேட்டியோடு வர வேண்டும். புடவையில் ஓட வேண்டியவர் அந்தப் புடவையிலேயே ஓடிப் பார்க்க வேண்டும். காலிப் பெட்டியைத் தூக்கும் நடிகரின் தோள் அது காலி என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், உள்ளே நான்கு செங்கலாவது இருக்கட்டும். சொம்பில் உண்மையாகவே தண்ணீர் இருக்கட்டும். அறைதல், தள்ளுதல், விழுதல் ஆகியவற்றை மெதுவாக, எண்ணிக்கையோடு, ஒவ்வோர் ஒத்திகையிலும் ஒரே மாதிரி செய்து பழகுங்கள். உணர்ச்சி வேகத்தில் உண்மையாகவே அறைந்துவிடுவது நடிப்பே ஆகாது. எதிரில் நிற்பவரின் நம்பிக்கையை அது உடைத்துவிடும்.

எதிரில் நிற்பவரைக் கேட்பது

புதியவர் ஒருவரைக் கண்டுபிடிக்க அவர் பேசும்போது பார்க்க வேண்டியதில்லை. பிறர் பேசும்போது பார்த்தால் போதும். அடுத்த வசனம் எப்போது வரும் என்று காத்து நிற்பார், அல்லது எதிரில் இருப்பவரின் வசனத்தைத் தம்மை அறியாமல் உதட்டால் சொல்லிக்கொண்டிருப்பார். அதிர்ச்சியான செய்தி வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியும் என்பதால், சொல் முடியும் முன்பே அதிர்ந்துவிடுவார். இதற்கெல்லாம் ஒரே மருந்து, ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்பவரை உண்மையாகவே கேட்பது. அவர் இன்று அந்தச் சொல்லை நேற்றைவிட மெதுவாகச் சொன்னார் என்றால், உங்கள் மறுமொழியும் அதற்கேற்ப மாற வேண்டும்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை ஓர் இரவாவது இருந்து பாருங்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, முன் ஒத்திகை எதுவுமின்றி மேடையில் சந்திக்கிறார்கள். இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும் வரை வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த பாடல்களும் கதையமைப்பும் எல்லாருக்கும் தெரியும் என்பது ஒரு காரணம். எதிரில் நிற்பவர் எந்த அடியை எடுக்கிறார், ஆர்மோனியம் எந்தச் சுருதிக்குப் போகிறது, கூட்டம் எதற்குச் சிரிக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் காதைத் தீட்டி வைத்திருப்பது மற்றொரு காரணம். ஆறு வாரம் ஒத்திகை பார்த்த நம்மில் பலரிடம் அந்தக் காது இருப்பதில்லை.

ஒத்திகையில் இதைப் பயில ஒரு வழி: எதிரில் இருப்பவர் சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு உங்கள் வசனத்தைத் தொடங்குங்கள். நான்கைந்து நாள் அப்படிச் செய்த பின், வாயால் சொல்வதை விட்டு மனத்தால் மட்டும் சொல்லுங்கள். வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையே உயிர் வந்துவிடும்.

எவ்வளவு ஒத்திகை போதும் என்று கேட்பவர்களுக்கு, ஒரு மணி நேர நாடகத்துக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என ஆறு வாரம் என்பதே என் கணக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இயலாது என்று சொல்லிவிட முடியாது. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, பகலில் வேறு தொழில் பார்த்தவர்களே அதன் நடிகர்களாக இருந்தார்கள்.

நாடக நாள்

திரை உயர்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது அரங்கில் இருங்கள். நீங்கள் கையாளும் ஒவ்வொரு பொருளும் உரிய மேசையில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வேறொருவர் பார்த்துவிட்டார் என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். மேடையின் நாலு மூலைக்கும் நடந்து, கடைசி நாற்காலியை நோக்கி ஒரு வசனத்தைச் சொல்லுங்கள். வயிறு நிறைய உண்ணாமல், வெந்நீர் அடிக்கடி அருந்துங்கள். வாய் உலர்வதும் கை நடுங்குவதும் யாருக்கும் வரும். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு இருமடங்கு நீளும்படி பத்து முறை செய்தால் நெஞ்சின் படபடப்பு தணியும். அதன் பிறகும் மிஞ்சும் பயத்தைக் கண்டு கலங்க வேண்டாம். முதல் காட்சியில் பாத்திரம் என்ன விரும்புகிறது என்பதை மட்டும் நினையுங்கள். மனத்துக்கு ஒரு வேலை கிடைத்தால் அது தன்னைப் பற்றிய கவலையை விட்டுவிடும்.

தெருக்கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னே பாடத் தொடங்கி, ஆடி, அதன் பிறகே முகம் காட்டுகிறார். களத்துக்கு வரும்போது அவர் ஏற்கெனவே அந்தப் பாத்திரமாகிவிட்டிருக்கிறார். படச்சட்ட மேடையிலும் நுழைவு பக்கத்திரைக்கு உள்ளேயே, பத்தடி முன்னதாகவே தொடங்க வேண்டும். வெளியேறும்போதும் அப்படித்தான்: ஓரத்து நாற்காலியில் இருப்பவரின் கண்ணிலிருந்து மறையும் வரை பாத்திரத்தை விடாதீர்கள். பக்கத்திரையின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கவும் கூடாது. கூட்டம் உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் கூட்டத்துக்குத் தெரிகிறீர்கள்.

சிரிப்பு எழும்போது அதன்மேல் பேசினால் அடுத்த வசனம் யாருக்கும் கேட்காது. சிரிப்பு முழுதாக அடங்கும் வரை காத்திருந்தால் காட்சி குளிர்ந்துபோகும். அலை உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் நேரமே பேசத் தொடங்கும் நேரம். காத்திருக்கும் நொடிகளில் சிலையாக நிற்காமல், பாத்திரமாகவே ஏதேனும் செய்துகொண்டிருங்கள். ஒத்திகையில் சிரிப்பு வந்த இடத்தில் இன்று வரவில்லை என்றால் அதைத் துரத்திப் போக வேண்டாம். உரக்கச் சொல்லியோ முகத்தைக் கோணியோ வாங்கும் சிரிப்பு கதையைக் கெடுக்கும். அமைதியிலும் வேறுபாடு உண்டு. இருமலும் நாற்காலி நகரும் ஓசையும் கலந்த அமைதி, கவனம் தளர்வதைச் சொல்கிறது. மூச்சடங்கிய அமைதி, கூட்டம் உங்களோடு இருக்கிறது என்கிறது. முதலாவது கேட்டால் வேகத்தைக் கூட்டாமல், எதிரில் நிற்பவரைக் கூர்ந்து கேட்கத் தொடங்குங்கள்.

வசனம் மறந்துவிட்டால், மறந்தது உங்களுக்கு மட்டுமே தெரியும். நாக்கைக் கடித்துக்கொள்வதும் பக்கத்திரையைப் பார்ப்பதும்தான் அதைக் கூட்டத்துக்கு அறிவிக்கின்றன. செய்துகொண்டிருக்கும் செயலைத் தொடருங்கள்; மூச்சு விடுங்கள்; காட்சியில் எதை விரும்புகிறீர்களோ அதை உங்கள் சொந்தச் சொல்லில் கேளுங்கள். எதிரில் இருப்பவர் மறந்தால் கேள்வியால் உதவுங்கள்: “அப்படியானால் கடிதத்தை நீ அவரிடம் கொடுக்கவே இல்லையா?” என்று நீங்கள் கேட்டால், அவருக்குப் பதிலும் கிடைக்கும், பாதையும் கிடைக்கும். மின்சாரம் போனாலும், குழந்தை அழுதாலும், கைப்பேசி ஒலித்தாலும், பாத்திரத்திலிருந்து வெளியே வராமல் அசைவை நிறுத்தி, ஓசை அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடருங்கள்.

முதல் நாளைக் காட்டிலும் இரண்டாம் நாள் நாடகத்திலேயே எச்சரிக்கை தேவை. முதல் நாள் பயம் காதைத் திறந்து வைத்திருந்தது. இரண்டாம் நாள், நேற்று எந்த இடத்தில் கைதட்டல் வந்தது என்ற நினைவு காதை அடைத்துவிடுகிறது. ஆகவே முதல் நாள் இரவே, உறங்கும் முன், எந்தச் சொல் கேட்கவில்லை என்று கடைசி வரிசையில் இருந்தவர் சொன்னார், எந்த இடத்தில் அமைதி கலைந்தது, எந்தப் பொருள் இடம் மாறியிருந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். மறுநாள் அரங்குக்கு வந்ததும் அந்தக் குறிப்பேட்டோடு நேரே கடைசி நாற்காலிக்குப் போய், ஐந்து நிமிடம் அமர்ந்து, வெறும் மேடையைப் பாருங்கள்.